கொலைகாரனை எனக்கு முன்பே தெரியும்

எங்கள் வீட்டில் என்னோடு உட்கார்ந்து திரில்லர் படம் பார்க்க யாரும் விரும்புவதில்லை. பாதிப் படத்திலேயே கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன். அதொன்றும் பெரிய வித்தையில்லை. கதைக்குத் தேவையில்லாத ஒருவர் முகத்தில் கேமரா இரண்டு விநாடி கூடுதலாக நின்றால் அவர்தான். எல்லோரும் சந்தேகப்படும்படி ஒருவர் முறைத்துக்கொண்டே திரிந்தால் நிச்சயமாக அவர் இல்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கும் ராஜேஷ்குமார் நாவல்களைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்து வளர்ந்தவள் நான்.

'ராட்சசன்' 2018 அக்டோபரில் வந்தது. அக்காவையும் அக்கா மகளையும் நான்தான் மாலைக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் அப்போது பிளஸ் டூ. சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்க வேண்டும் என்று வீட்டில் மெல்ல அடிபோட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் சென்னையின் பள்ளிச் சிறுமிகள் ஒவ்வொருவராகக் கடத்தப்படுகிறார்கள். சிதைக்கப்பட்ட பொம்மை ஒன்று வருகிறது, பிறகு அதேபோல் சிதைக்கப்பட்ட உடல் கிடைக்கிறது. தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை. வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "பார்த்தேல்ல? இனிமே மெட்ராஸ் கிட்ராஸ்னு வாயைத் திறக்கக் கூடாது." அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஜூன் மாதம் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. சேர்த்தார்கள்.

அன்று இரவு வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சித்தி, அந்த சைக்கோவைப் பார்த்தெல்லாம் எனக்குப் பயமா இல்லை. நம்ம வீட்டு விசேஷங்களுக்குப் போகத்தான் பயமா இருக்கு."

நான் சிரித்தேன். "ஏன், பந்தியில சாம்பார் நல்லா இருக்காதா?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். அதோடு பேச்சு முடிந்தது.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது. ஆனால் அதற்கு வருமுன் என்னையே நான் பலமுறை கேட்டுக்கொண்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். பெண்கள் கொல்லப்படும் கதைகளை, ஒரு பெண்ணான நான், இவ்வளவு ஆசையாகப் பார்ப்பது சரிதானா?

என் தோழிகள் சிலர் இந்தப் படங்களையே பார்ப்பதில்லை. பெண்ணுடலைத் துண்டு போட்டு விற்கும் வியாபாரத்துக்கு டிக்கெட் வாங்க மாட்டோம் என்கிறார்கள். அவர்களை மதிக்கிறேன், ஆனால் என்னால் அப்படி இருக்க முடியவில்லை. திரில்லர் பார்க்கும் பெண்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. நமக்குப் பயம் புதிதல்ல. பஸ்ஸில் பின்னால் வந்து நிற்பவனின் மூச்சை அளப்பது, இருட்டுத் தெருவில் சாவியை விரலிடுக்கில் பிடித்துக்கொள்வது என்று நாள் முழுக்கப் பயத்தோடுதான் புழங்குகிறோம். அந்தப் பயத்துக்கு ஓர் உருவமும் இரண்டரை மணி நேர எல்லையும் கிடைப்பது ஆறுதலாக இருக்கிறது. கடைசியில் அவன் பிடிபடுவான், விளக்கு எரியும், வீட்டுக்குப் போகலாம். இந்த ஆறுதலில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அதற்கு விலை கொடுப்பது யார் என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

தமிழில் பெருநகரக் கொலைக் கதையை இப்படித்தான் எடுத்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954-இல் வந்தது. பாட்டே இல்லாத படம். ஜப்பான் குண்டு போடும் என்று சென்னை பயந்துகொண்டிருந்த 1943-இல் கதை நடக்கிறது. தொடக்கத்திலேயே செத்துக் கிடப்பவன் ஆண். அவன் எப்படிப்பட்டவன் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, கடைசியில் தேசத்தைக் காட்டிக்கொடுத்த கணவன் தன் மனைவியின் கையிலிருந்த துப்பாக்கியால் செத்தான் என்று தெரிகிறது. சிவாஜியை முதல் காட்சியிலேயே சாகடித்துவிட்டு, அரசியல் தெரிந்த, தன் முடிவுக்காகத் தவிக்கிற மனைவியாகப் பண்டரிபாயைப் படத்தின் மனச்சாட்சியாக நிறுத்திய துணிச்சலை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் பாதையில் தமிழ் சினிமா தொடர்ந்து நடந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

நடந்தது வேறு. கிராமத்துப் படங்களால் பெயர்பெற்ற பாரதிராஜா 1978-இல் 'சிகப்பு ரோஜாக்கள்' எடுத்தார். நகரத்துப் பணக்கார இளைஞன் பெண்களை வீட்டுக்கு அழைத்துவந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். மேலே ரோஜா பூக்கிறது. கமல் ஹாசனின் கண்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடக் கலவரமானவர் அவனுடைய வளர்ப்புத் தந்தை. ஒவ்வொரு கொலையும் அவருக்காகப் படம்பிடிக்கப்படுகிறது. அவர் உட்கார்ந்து பார்த்து மகிழ்கிறார். அந்தத் திரையை அவர் பார்க்கும்போது அவரை நாமும் பார்க்கிறோம். அவர் நாற்காலிக்கும் நம் நாற்காலிக்கும் என்ன வித்தியாசம்? லாரா மல்வி 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சினிமாவின் பார்வை ஆணின் பார்வையாக அமைந்திருப்பதைப் பற்றியது. அதைப் படிக்காமலேயே இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பாரதிராஜா இதை உணர்ந்து வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. படம் தன் பார்வையாளரைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இந்தப் படங்களில் கொலைகாரனைப் பிடித்த பிறகு, அவன் ஏன் இப்படி ஆனான் என்று ஒரு பழைய கதை வரும். அந்தக் கதைக்குள் தவறாமல் ஒரு பெண் இருப்பாள். 'சிகப்பு ரோஜாக்க'ளில் சிறுவனை வலையில் இழுத்துவிட்டுப் பழியை அவன்மேல் போடும் பெண்ணும், கணவனுக்குத் துரோகம் செய்யும் மனைவியும். 'ராட்சச'னில் காதலை மறுத்த பள்ளிச் சிறுமி. மிஷ்கினின் 'சைக்கோ'வில் (அது 2020, கோயம்புத்தூரில் நடக்கும் கதை) சிறுவனைக் கொடுமைப்படுத்திய ஆசிரியை. கொன்றவன் ஆண், செத்தவள் பெண், கொலைக்குக் காரணம் இன்னொரு பெண். கணக்கு எப்படியோ நம் பக்கத்திலேயே வந்து முடிகிறது. ஒரு சிறுமி "எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை" என்று சொன்னதை ஒரு தொடர் கொலையின் முதல் காரணமாகக் கதை நிறுவும்போது, தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பெண்ணின் காதில் என்ன விழும் என்று யாராவது யோசித்திருப்பார்களா?

'ராட்சச'னுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அந்தப் படம் தன்னை அறியாமல் உண்மைக்கு மிக அருகில் போய்விட்டுத் திரும்பிவிடுகிறது. அதில் ஓர் ஆசிரியர் வருகிறார். மதிப்பெண்ணைக் காட்டி மாணவிகளை மிரட்டித் தனியாக வரவழைத்துத் துன்புறுத்துகிறார். நாயகனின் அக்கா மகளும் அவர் பிடியில் சிக்குகிறாள். தியேட்டரே பதறும் காட்சி அது. அவர்தான் கொலைகாரனோ என்று நாம் சந்தேகப்பட வேண்டும் என்பதற்காகவே அவர் கதைக்குள் வைக்கப்பட்டிருக்கிறார். அவர் இல்லை என்று தெரிந்ததும் படம் வேறு தடத்தைத் தேடிப் போய்விடுகிறது. அந்த ஆசிரியர் திரைக்கதைக்கு ஒரு தவறான துப்பு, அவ்வளவுதான். முகத்தை மறைத்துக்கொண்டு பொம்மை செய்யும் கொலைகாரனை நம்மில் எத்தனை பேர் சந்தித்திருப்போம்? அந்த ஆசிரியரை? எந்த மகளிர் கல்லூரி வகுப்பறையிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் காத்திருந்தால் பதில் வரும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரமும் பால்கோவாவும். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கோர்ட்டும். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். மகளிர் நீதிமன்றமும் போக்சோ நீதிமன்றமும் அங்கேதான். தினசரிகளின் மாவட்டப் பக்கத்தைத் திறந்தால் அடிக்கடி ஒரு நாலு வரிச் செய்தி இருக்கும். சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்தவருக்கு இத்தனை ஆண்டு சிறை, ஸ்ரீவில்லிபுத்தூர் போக்சோ நீதிமன்றம் தீர்ப்பு. குற்றவாளி யார் என்ற இடத்தில் உறவுமுறை இருக்கும், அல்லது தெரு இருக்கும். தந்தை, வளர்ப்புத் தந்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தாலும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவளுக்குத் தெரிந்தவர்தான். இருட்டில் குதித்துவரும் அந்நியன், மிஞ்சிய அந்த ஒரு பங்குக்குள்தான் எங்கோ இருக்கிறான்.

அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியை, மாணவிகளைப் பல்கலைக்கழக மேலதிகாரிகளின் ஆசைக்கு இணங்கச் சொல்லி போனில் பேசிய விவகாரம் 2018 ஏப்ரலில் வெளியே வந்தது. அந்த வழக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றத்தில்தான் நடந்தது. 2024 ஏப்ரல் 30 அன்று அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது, உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஒலிப்பதிவில் ரத்தம் இல்லை, கத்தி இல்லை, இருட்டும் இல்லை. மார்க், படிப்பு, பணம் என்று ஓர் ஆசிரியை பக்குவமாகப் பேசுகிற குரல் மட்டும். அந்தப் பேச்சை மறுத்து, பதிவுசெய்து வைத்த மாணவிகளின் நிதானத்தைப் போல் எந்த திரில்லர் நாயகனிடமும் நான் பார்த்ததில்லை. யாருக்காக அவ்வளவு பேச்சும் பேசப்பட்டது என்ற கேள்வி இந்த ஊர்ப் பெண்களிடம் இன்னும் இருக்கிறது. அதைப் படமாக எடுத்தால் விறுவிறுப்பு போதாது என்பார்கள்.

கோர்ட்டுக்கும் சினிமாவுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு, யோசிக்க யோசிக்க எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தையின் பெயரையோ முகத்தையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது. விசாரணை பொதுமக்கள் இல்லாத மூடிய அறையில் நடக்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் எத்தனை ஓட்டை இருந்தாலும், அந்தச் சட்டத்தின் எண்ணம் அவளை நம் பார்வையிலிருந்து காப்பாற்றுவது. நகரத் திரில்லர் செய்வது நேர் எதிர். கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை மறைத்துவைத்துவிட்டு அவள் உடலை முதல் காட்சியிலேயே திறந்து காட்டுகிறது. என் கணிப்பு விளையாட்டும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். கொலைகாரன் யார் என்று நான் மும்முரமாகத் தேடும்போது செத்தவள் யார் என்று கேட்க எனக்கு நேரமில்லை. 'ராட்சசன்' பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கொலைகாரன் பெயர் உடனே வரும். செத்த சிறுமிகளில் நாயகனின் அக்கா மகளைத் தவிர மற்றவர்கள் பெயர் வராது. எனக்கும் வரவில்லை.

நகரம் பாதுகாப்பானது என்று நான் வாதாடவில்லை. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் எல்லோர் கண்முன்னும் வெட்டிக் கொல்லப்பட்டாள். நிலையத்தில் ஒரு கண்காணிப்பு கேமராகூட இல்லை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். அன்று என் விடுதியில் யாருடைய போனும் ஓயவில்லை. எல்லா அம்மாக்களும் கேட்டது ஒன்றே: எப்போது கிளம்பி வருகிறாய்? என் அறைத்தோழி ஒருத்தி அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை தொடங்கும் முன்பே சிறையில் இறந்துபோனதால் அந்த வழக்கில் தீர்ப்பு என்று ஒன்று வரவேயில்லை. ஆனால் அவளைப் பின்தொடர்ந்தவன் என்பதுதான் போலீஸ் தரப்பு சொன்னது. பின்தொடர்வதைக் காதல் என்று நாற்பது வருடம் பாடி ஆடிய அதே சினிமா, பின்தொடர்ந்தவன் கத்தி எடுத்ததும் அவனைச் "சைக்கோ" என்று பெயரிட்டுத் தனியாக ஒதுக்கிக்கொண்டது. சைக்கோ என்ற சொல் எவ்வளவு வசதியானது! அவன் நோயாளி, நம்மில் ஒருவன் இல்லை. அவன் நகரத்தில் இருக்கிறான், நம் தெருவில் இல்லை.

அந்தச் சொல்லின் வசதிக்கு விலை கொடுப்பவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் இங்கே எதையும் செய்யலாம். தமிழ்நாட்டு நூற்பாலை விடுதிகளில் பெண் பிள்ளைகளை வெளியே விடாமல், போனை வாங்கி வைத்துக்கொண்டு, வார்டன் துணையோடு மட்டும் கடைக்கு அனுப்பும் பழக்கத்துக்கும் பெயர் பாதுகாப்புதான். வெளியே ஆபத்து என்றால் வாசலைப் பூட்டுபவர் நல்லவர் ஆகிவிடுகிறார். உள்ளே சூப்பர்வைசர் என்ன செய்கிறார் என்று பிறகு யாரும் கேட்பதில்லை. தனக்குப் பிடித்தவனைத் தவிர யாரையும் ஏற்க மாட்டேன் என்று சொன்ன ஒரு பெண்ணை ஆடிப்பூரத்துக்குத் தேரில் வைத்து இழுக்கிற ஊர்க்காரர்கள்தான் நாங்கள். வீட்டுப் பெண் ஆறு மணிக்கு மேல் வெளியே நின்றால் எங்களுக்குத் தாங்காது.

அக்கா மகள் மூன்று வருடம் பஸ்ஸில் போய்வந்து படித்து முடித்தாள், நடுவில் கொரோனா வேறு. 'கார்கி' 2022 ஜூலையில் வந்தது. தியேட்டரில் பார்க்க முடியவில்லை, ஓடிடியில் வந்தபோது வீட்டில் நாங்கள் இருவரும் பார்த்தோம். சென்னைதான் களம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சிறுமி, குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அங்கே காவலாளியாக இருக்கும் வயதானவர். அவருடைய மகள் கார்கி, சாய் பல்லவி. தன் அப்பா அப்படிச் செய்திருக்கவே மாட்டார் என்று படம் முழுக்க ஓடி ஓடி நிரூபிக்கப் பார்க்கிறாள். நாமும் அவளோடு ஓடுகிறோம். கடைசியில் அவர் செய்திருக்கிறார் என்று தெரிகிறது, அவளே அவரைச் சட்டத்தின் முன் நிறுத்துகிறாள்.

என் வாழ்க்கையில் முதல்முறையாகக் குற்றவாளியை நான் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவை நான் சந்தேகிக்கவே இல்லை. வீட்டு ஆள் என்றதும் என் மூளை தானாகவே அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தது.

படம் முடிந்து டிவி அணைந்த பிறகு கேட்டேன்: "அன்னைக்கு நீ என்னமோ சொன்னியே."

எப்போது என்று அவள் கேட்கவில்லை. "நாலு வருஷம் கழிச்சுக் கேக்குறீங்க சித்தி" என்றாள்.

பிறகு சொன்னாள். யார், என்ன, எந்த வீட்டில் என்பதை இங்கே நான் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையை முதலில் படித்தவள் அவள்தான். இரண்டு பத்திகளை அவளே அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எடுத்த முடிவுகளை எழுதவும் அனுமதி தரவில்லை. அது அவளுடையது. ஆனால் என் பங்கை எழுதிக்கொள்ளலாம் என்றாள்.

என் பங்கு இது. அவள் பெயரைச் சொல்வதற்கு முன்பே அது யாரென்று எனக்குத் தெரியும். 2018-இல் அந்தத் தெருவில் அவள் என் கையைப் பிடித்தபோதே தெரியும். அதே விசேஷ வீடுகளில், அவளைவிடச் சிறிய வயதில், பாயில் எந்த ஓரத்தில் படுத்தால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டவள் நான். அதனால்தான் சாம்பாரைப் பற்றிக் கேட்டேன். அவள் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்ட கேள்வி அது. அந்நியனைப் பற்றிய படங்களை நான் அத்தனை ஆசையாகத் தேடித்தேடிப் பார்த்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் இப்போது சொல்ல முடியவில்லை. அவை தெரியாதவனைப் பற்றிப் பயப்படச் சொல்லிக்கொடுத்தன. தெரிந்தவனைப் பற்றி யோசிக்காமல் இருக்க அது உதவியாக இருந்தது. படம் எடுத்தவர்களை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

இப்போதும் திரில்லர் பார்க்கிறேன். கொலைகாரன் யாரென்று முன்கூட்டிச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

அக்கா மகளுக்கு அந்த வருடமே சென்னையில் வேலை கிடைத்தது. பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் ஏற்றிவிட நானும் அக்காவும் ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போனோம். அக்காவுக்கு அதற்குள் மகளின் கதை தெரியும். ஆனாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது, ஆட்டோ நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ரயில் நகர்ந்து சிவப்பு விளக்கு மறைந்ததும் அக்கா என்னிடம் கேட்டாள்: "உனக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருமே. இது மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரச் சொல்லி அவளிடம் என் கதையைச் சொன்னேன். அன்று நாங்கள் வீட்டுக்கு வந்து சேர மணி பத்தாகிவிட்டது.